அண்டை அயலும் அலைவரிசையும்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகள் இடம்பெயர்ந்த வரலாறு

அமெரிக்காவில் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு என்று ஒன்று உண்டு. 1953ஆம் ஆண்டு கிழக்குக் கரையோர மாநிலங்களின் ஏழு கல்லூரிகள் கூடி அதனைத் தோற்றுவித்தன. 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் அதன் உறுப்பினர்கள். இரண்டும் பசிபிக் பெருங்கடலை அடுத்த சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருப்பவை. ‘பிக் டென்’ என்னும் கூட்டமைப்பின் பெயரில் பத்து இருக்கிறது, உறுப்பினர்களோ பதினெண்மர். ‘பிக் 12’இல் பதினாறு பேர். 1990இல் பிக் டென்னில் பதினோராவது கல்லூரி சேர்ந்தபோது, பெயரை மாற்ற மனமின்றி, சின்னத்தில் எழுத்துகளின் இடைவெளியில் 11 என்னும் எண்ணை ஒளித்து வரைந்து சமாளித்தனர். பின்னர் அந்தச் சிரமத்தையும் கைவிட்டனர்.

பெயர் ஓரிடத்திலும் பொருள் வேறிடத்திலும் நிற்கும் இந்த நிலை எப்படி வந்தது? தொலைக்காட்சிப் பணம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அந்த விடை தவறன்று. ஆனால் முழுமையானதும் அன்று. பணம் இந்த ஆட்டத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த விருந்தாளி அல்ல. மாறியது வேறொன்று. அது என்ன என்பதைத்தான் இக்கட்டுரையில் நாம் தேட முயல்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு அணிகள் தனித்து இயங்குவதில்லை. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து தமக்குள் ஆடி, ஆண்டுதோறும் ஒரு வாகையரைத் தேர்ந்தெடுக்கும். இக்குழுவுக்குக் ‘கான்ஃபரன்ஸ்’ என்று பெயர். நாம் கூட்டமைப்பு என்று குறிக்கிறோம். கூட்டமைப்பே ஆட்ட அட்டவணையை வகுக்கிறது, ஒளிபரப்பு உரிமையை விற்கிறது, வருவாயைப் பங்கிடுகிறது. இதில் பெரும்பகுதி வருவாய் ஈட்டுவது அமெரிக்கக் கால்பந்து. ரக்பியிலிருந்து கிளைத்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தையே இனிக் கால்பந்து என்று சொல்வோம்.

1

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி கால்பந்து அன்று, படகோட்டம். 1852 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வின்னிபசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேலும் மோதின, ஹார்வர்டு வென்றது. மாணவர்களை அழைத்து, செலவையும் ஏற்றது ஒரு ரயில் நிறுவனம். அந்த ஏரிக்குத் தன் ரயிலில் சுற்றுலாப் பயணிகள் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். முதல் போட்டியின் கரையிலேயே விளம்பரதாரர் நின்றுகொண்டிருந்தார் என்பதை மறந்துவிட்டு, பழங்காலத்தின் தூய்மையைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் கால்பந்து பெருகிப் பரவியது. கட்டணம் செலுத்திப் பார்க்கும் கூட்டம் சேர்ந்தது. கூடவே, படிக்காத மாணவர்களும், ஊதியம் பெறும் ‘மாணவர்களும்’, இன்று ஒரு கல்லூரிக்கும் நாளை மறு கல்லூரிக்கும் ஆடுபவர்களும் வந்தனர். இதனைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் விடுத்த அழைப்பின்பேரில், 1895 ஜனவரியில் சிகாகோவின் பாமர் ஹவுஸ் விடுதியில் மத்திய மேற்குப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடினர். மறு ஆண்டு ஏழு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் கூடி அமைப்பை உறுதிசெய்தனர். முறையாகச் சேர்ந்து படிக்கும் மாணவரே ஆடலாம், பாடங்களில் பின்தங்கியவர் ஆடலாகாது என்பது அவர்களுடைய தொடக்க விதிகளில் ஒன்று. பிற்காலத்தில் பிக் டென் என்று பெயர்பெற்ற அமைப்பு இதுவே.

கான்ஃபரன்ஸ் என்ற சொல்லுக்குக் கூடிப் பேசுதல் என்பதே பொருள். அச்சொல் அந்த முதல் கூட்டத்தின் எச்சம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஓர் இரவு ரயில் பயணத்தில் சந்திக்கக்கூடிய பேராசிரியர்கள், தம் மாணவர்களின் ஆட்டத்துக்கு எல்லை வகுக்கக் கூடிப் பேசினர். விற்பதற்கு அவர்கள் கூடவில்லை, தடுப்பதற்குக் கூடினர்.

தடுப்பது எளிதாக இருக்கவில்லை. 1905இல் கால்பந்துக் களத்தில் மரணங்கள் மலிந்து, குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது. அதன் தொடர்விளைவாக 1906இல் பிறந்த அமைப்பே 1910இல் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம், அதாவது என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. அதே 1906இல் மேற்கத்தியப் பேராசிரியர்கள் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆடக்கூடாது என்றும் விதித்தபோது, மிச்சிகன் இணங்காமல் விலகிச் சென்றது, 1917இல்தான் திரும்பியது. கூட்டமைப்பை விட்டு வெளியேறுவது என்னும் வழக்கம் கூட்டமைப்பைப் போலவே பழையது.

2

பசிபிக் கரையின் கதை 1915 டிசம்பரில் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் தொடங்குகிறது. பெர்க்லியின் கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், இன்று ஆரிகன் ஸ்டேட் எனப்படும் ஆரிகன் வேளாண் கல்லூரி ஆகிய நான்கும் கூடிப் பசிபிக் கடற்கரைக் கூட்டமைப்பை நிறுவின. 1917இல் வாஷிங்டன் ஸ்டேட்டும், அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டும், 1922இல் தெற்குக் கலிஃபோர்னியாவும் ஐடஹோவும், 1928இல் லாஸ் ஏஞ்சலிசின் யு.சி.எல்.ஏ.வும் சேர்ந்தன.

1956இல் வெளியான ஒரு முறைகேடு இதனை உடைத்தது. பெரிய நகரப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் புரவலர்கள் ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்துவந்தனர். தண்டனைகளும் கசப்பும் வளர்ந்து, 1959இல் கூட்டமைப்பு கலைந்தது. கலைந்த கையோடு ஐந்து பெரிய பல்கலைக்கழகங்கள் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கின. வாஷிங்டன் ஸ்டேட் 1962 வரையிலும், ஆரிகனின் இரு பல்கலைக்கழகங்களும் 1964 வரையிலும் வாசலில் காத்திருந்தன. ஐடஹோவுக்குக் கதவு திறக்கவே இல்லை. 2023இல் உலகம் வியந்து பார்த்த காட்சி ஏற்கெனவே ஒருமுறை அரங்கேறியதுதான்.

வெளியேறியவர்களில் வேறுவகையினரும் உண்டு. பிக் டென்னை நிறுவிய ஏழில் ஒன்றான சிகாகோ பல்கலைக்கழகம், சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலாக வென்ற ஜே பெர்வாங்கரின் கல்லூரி. அதன் தலைவர் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் 1939இல் கால்பந்தையே ஒழித்தார். 1946இல் பல்கலைக்கழகம் கூட்டமைப்பை விட்டும் நீங்கியது. ஆட்டம் நின்றுபோன அந்த அரங்கின் பார்வையாளர் மேடைக்குக் கீழே, 1942 டிசம்பர் 2ஆம் நாள், என்ரிக்கோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் தொடர் அணுப்பிளவு வினையை நிகழ்த்தியது. பின்னாளில் சிறிய அளவில் கால்பந்து அங்கே திரும்பியது. பிக் டென்னுக்குச் சிகாகோ திரும்பவில்லை. இந்த நெடிய வரலாற்றில், கூடுதல் வருவாய் தேடாமல் வெளியேறியவர்கள் என்று சுட்டிக்காட்ட இத்தகையோர் மிகச் சிலரே.

3

தொலைக்காட்சி வந்தபோது அதைக் கண்டு முதலில் அஞ்சியவர்கள் கல்லூரிகளே. வீட்டில் ஆட்டம் தெரிந்தால் அரங்குக்கு யார் வருவார்? 1951 முதல் என்.சி.ஏ.ஏ. ஒளிபரப்பைத் தன் கட்டுக்குள் வைத்து, வாரத்துக்குச் சில ஆட்டங்களையே அனுமதித்தது. 1980களின் திட்டப்படி ஓர் அணி ஈராண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் தோன்ற முடியாது. ஆக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் சென்றன. 1984 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், இக்கட்டுப்பாடு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆட்டங்களின் உரிமை கல்லூரிகளுக்கும் அவை சேர்ந்த குழுக்களுக்கும் வந்தது.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகக் கருதி அளப்பது பிழை என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒன்பது நீதிபதிகளில் அந்த ஆட்டத்தை அவ்வளவு உயரத்தில் ஆடியவர் அவர் ஒருவரே. தோற்ற பக்கத்தில் நின்றவரும் அவரே.

விளைவு உடனே தெரியவில்லை. ஆட்டங்கள் திரையில் பெருகியதால் முதலில் விலை குறைந்தது. பின்னர்தான் கூட்டமைப்புகள் தம்மைச் சரக்காகப் பார்க்கத் தொடங்கின. 1990இல் பிக் டென் பென்சில்வேனியா ஸ்டேட்டை ஏற்றது. தென்கிழக்குக் கூட்டமைப்பு ஆர்கன்சாவையும் தென் கரோலினாவையும் சேர்த்துப் பன்னிரண்டாகி, இரு பிரிவுகளாகப் பிரிந்து, 1992இல் தனக்கென ஓர் இறுதியாட்டத்தை நடத்தியது. கூடுதலாக ஓர் ஆட்டம், விற்பதற்குக் கூடுதலாக ஒரு மாலை. மற்றவர்கள் கணக்கைக் கற்றுக்கொள்ள நெடுநாள் ஆகவில்லை.

ஆர்கன்சா விட்டுச்சென்றது 1914இல் பிறந்த தென்மேற்குக் கூட்டமைப்பை. எஞ்சிய எட்டும் டெக்சஸ் மாநிலத்தவை. 1994இல் அவற்றுள் நான்கு, வடக்கே இருந்த ‘பிக் எய்ட்’ கூட்டமைப்புடன் இணைந்து பிக் 12 ஆவதாக அறிவித்தன. 1996இல் தென்மேற்கு மறைந்தது. டெக்சஸ் கிறிஸ்டியன், சதர்ன் மெத்தடிஸ்ட், ரைஸ், ஹூஸ்டன் ஆகிய நான்கும் வெளியே நின்றன. டெக்சஸ் கிறிஸ்டியன் மூன்று கூட்டமைப்புகளில் குடியிருந்துவிட்டு 2012இல் பிக் 12இல் நுழைந்தது. 2023 ஜனவரியில் தேசிய இறுதியாட்டம் வரை சென்றது. ஹூஸ்டன் 2023இல் நுழைந்தது. சதர்ன் மெத்தடிஸ்ட், ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து 2024இல் அட்லாண்டிக் கூட்டமைப்பில் இடம் பிடித்தது. அதே 2024இல் ரைஸ் இன்னும் வெளியேதான் நின்றது. விடப்பட்டவர் திரும்ப முடியும். ஆனால் அதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது.

4

2007இல் பிக் டென் தனக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. கேபிள் இணைப்புள்ள வீடு ஒவ்வொன்றும், ஆட்டத்தைப் பார்த்தாலும் பாராவிட்டாலும், மாதக் கட்டணத்தில் ஒரு சிறு துளியை அலைவரிசைக்குச் செலுத்தும் முறை அது. அந்த அலைவரிசை உள்ளூர் அலைவரிசையாகக் கருதப்படும் பகுதிகளில் துளி பெரிதாகும். ஆகவே ஒரு கல்லூரியின் மதிப்பு அதன் வெற்றிகளில் இல்லை, அதைச் சூழ்ந்துள்ள வீடுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது என்றாயிற்று. 2014இல் ரட்கர்ஸும் மேரிலாந்தும் பிக் டென்னில் சேர்ந்ததன் பின்னணி இதுவே. ஒன்று நியூயார்க்கின் அருகில். மற்றது தலைநகர் வாஷிங்டனின் அருகில். ரட்கர்ஸ், 1869இல் பிரின்ஸ்டனை எதிர்த்து முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தை ஆடிய கல்லூரி. அந்தப் பெருமைக்காக அதை யாரும் அழைக்கவில்லை.

2011இல் நெப்ராஸ்கா பிக் டென்னுக்கும் கொலராடோ பசிபிக் கூட்டமைப்புக்கும் சென்றன. அதே ஆண்டு டெக்சஸ் பல்கலைக்கழகம் தனக்கென்றே ஓர் அலைவரிசையை, இருபது ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் தொடங்கியது. மனம் கசந்த டெக்சஸ் ஏ அண்ட் எம், 2012இல் தென்கிழக்குக் கூட்டமைப்புக்குப் போயிற்று. 1894 முதல் நடந்துவந்த இவ்விருவரின் ஆட்டம் 2011உடன் நின்றது. 2024 நவம்பர் 30 அன்றுதான் அது மீண்டும் நடந்தது. டெக்சஸும் ஆக்லஹோமாவும் அந்த ஆண்டு அதே தென்கிழக்குக் கூட்டமைப்பில் போய்ச் சேர்ந்ததால்.

பசிபிக் கூட்டமைப்பு இதற்குள் பன்னிருவராகி, பாக்-12 என்று வழங்கியது. 2012இல் அதுவும் அலைவரிசை ஒன்றைத் தானே தொடங்கி, தானே முழு உரிமையாளராக இருந்தது. பெரிய செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனமான டைரக்டிவியில் அது இடம்பெறவே இல்லை. அடுத்தவர் வருவாய் ஏறியது, இவர்களுடையது பின்தங்கியது. 2022 ஜூன் 30 அன்று தெற்குக் கலிஃபோர்னியாவும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. ஆகஸ்டில் பிக் டென் மூன்று நிறுவனங்களுடன் செய்த ஒளிபரப்பு ஒப்பந்தம், ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வெளியாயின. மறு ஆண்டு கோடையில் பாக்-12 தலைமையின் கையில் இருந்தது, சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து வருவாய் அமையும் ஆப்பிளின் இணையவழித் திட்டம் ஒன்றே. கொலராடோ ஜூலையில் பிக் 12க்குத் திரும்பியது. 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில், ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனாவின் இரு பல்கலைக்கழகங்களும் யூட்டாவும் பிக் 12க்கும் சென்றன. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக்கில் அடைக்கலம் பெற்றன. தன் கிளைகளுள் ஒன்றின் விலகல் மற்றொன்றைப் பாதித்ததற்கு ஈடாக, யு.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் தரவேண்டும் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 2024இல் தீர்மானித்தது.

1915இல் போர்ட்லாந்தில் கூடிய நால்வரில் வீட்டில் எஞ்சியது ஆரிகன் ஸ்டேட் மட்டும். உடன் இருந்தது வாஷிங்டன் ஸ்டேட். ஒன்று வில்லமெட் பள்ளத்தாக்கின் கோர்வாலிஸில். மற்றொன்று கோதுமை விளையும் பலூஸ் மேடுகளுக்கு நடுவே புல்மனில். இரண்டுமே நிலக்கொடையில் எழுந்த, வேளாண்மை கற்பித்த பல்கலைக்கழகங்கள்; சுற்றிலும் வயல்கள் உண்டு, அலைவரிசை தேடும் அளவுக்கு வீடுகள் இல்லை.

5

தமிழ் கற்பிப்பவர்களாகிய நமக்கு இந்த வரலாற்றைப் படிக்கையில் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தவர்கள் நம் இலக்கணிகள். மற்றவை யாவும் அவற்றின்மேல் நிற்பவை. கல்லூரி விளையாட்டின் பகைமைக்கும் அதுவே அடித்தளம். ஆரிகனும் ஆரிகன் ஸ்டேட்டும் 1894 முதல் மோதுகின்றன. ஒரே மாநிலம், ஒரே நெடுஞ்சாலை, ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கல்லூரியும் தங்கை மறு கல்லூரியும். பருவத்தின் முடிவில், நவம்பரின் குளிரில், அறுவடை முடிந்த பொழுதில் அந்த ஆட்டம் வரும். அந்தப் பகைமை உறவின் ஒரு வடிவம். அயலாரைத்தான் அப்படிப் பகைக்க முடியும்.

2024இல் இவ்விரண்டின் ஆட்டமும், வாஷிங்டன் மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்கள் ஆடும் ‘ஆப்பிள் கோப்பை’ ஆட்டமும் செப்டம்பர் 14 அன்று, பருவத்தின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்தன. ஆப்பிள் கோப்பையில் விடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என்று வென்றது. மகிழத்தக்கதே. ஆயினும் நிலம் முன்பே போயிருந்தது. இப்போது பொழுதும் போயிற்று.

ஆரவாரம் மிக்க கால்பந்து அணிக்கு ஆண்டில் சில நெடும்பயணங்களே உண்டு. சுமையைத் தாங்குவோர் கைப்பந்தும் மென்பந்தும் ஆடும் மாணவ மாணவியர். லாஸ் ஏஞ்சலிசிலிருந்து ரட்கர்ஸ் இருக்கும் நியூ ஜெர்சிக்கு ஏறத்தாழ 4,000 கி.மீ.; மூன்று மணிநேர நேர வேறுபாடு. அவர்களுடைய ஆட்டத்தை வாங்குவதற்காக எந்தத் தொலைக்காட்சியும் கோடிகளைக் கொட்டவில்லை. கால்பந்து வகுத்த வரைபடத்தில் அவர்கள் பயணம் செய்கிறார்கள். திரும்பி வந்து மறுநாள் தேர்வு எழுதுகிறார்கள்.

எனினும் விடப்பட்டவர்களை வெறும் பலியாடுகளாக வரைவது நேர்மையாகாது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். விலகுவதாக அறிவித்த பதின்மருக்கும் ஆட்சிக்குழுவில் இடமில்லை என்ற அவர்களுடைய வாதத்தை 2023 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் வட்டார நீதிமன்றம் ஏற்றது. பெயரும் கருவூலமும் கையில் மிஞ்சின. பின்னர் 2024 செப்டம்பரில், அவர்கள் அருகிலிருந்த ‘மவுண்டன் வெஸ்ட்’ கூட்டமைப்பிலிருந்து ஐந்து கல்லூரிகளை அழைத்துக்கொண்டனர்: பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட். தொடர்ந்து கால்பந்து அல்லாத ஆட்டங்களுக்குக் கொன்சாகாவும், 2025இல் டெக்சஸ் ஸ்டேட்டும் இசைந்தன. புதிய பாக்-12க்குக் குறித்த தொடக்க நாள் 2026 ஜூலை 1. இழப்பைச் சந்தித்த மவுண்டன் வெஸ்ட், தன் பங்குக்கு, மலையே இல்லாத இல்லினாய் மாநிலத்தின் நார்தர்ன் இல்லினாயைக் கால்பந்துக்கு அழைத்தது. தமக்குச் செய்யப்பட்டதைத் தமக்கு அடுத்தவருக்குச் செய்யாமல் இந்த அமைப்பில் யாராலும் பிழைக்க முடிவதில்லை. இதில் நம்மை மிகவும் உறுத்துவது இதுவே.

6

அடுத்து யார் எங்கே போவார்கள்? ஆருடம் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஒப்பந்தங்களின் காலக்கெடுகளைப் படித்தால் வாசல்கள் எப்போது திறக்கும் என்று தெரிகிறது. பிக் டென்னின் ஒப்பந்தம் 2030இலும், பிக் 12இன் ஒப்பந்தம் 2031இலும், தென்கிழக்கின் ஒப்பந்தம் 2034இலும், அட்லாண்டிக்கின் ஒப்பந்தம் 2036இலும் முடிவடைய வேண்டும். ஃபுளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் தம் அட்லாண்டிக் கூட்டமைப்புடன் வழக்காடின. 2025 மார்ச்சில் எட்டிய உடன்பாட்டின்படி, விலகுவோர் செலுத்த வேண்டிய தொகை ஆண்டுதோறும் குறைந்து, 2030-31இல் 7.5 கோடி டாலராகும். பெரிய ஒப்பந்தங்கள் இரண்டு முடியும் அதே தறுவாயில் இந்தக் கதவும் மலிவாகத் திறக்கிறது. அடுத்த பெரிய இடப்பெயர்ச்சியை அந்த ஆண்டுகளில் எதிர்பார்ப்பதற்கு இதுவே காரணம். 2025 ஜூனில் ஏற்கப்பட்ட நீதிமன்ற உடன்பாட்டால் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். நெடுங்காலம் மறுக்கப்பட்ட நியாயம் அது. ஆனால் செலவு கூடிய கல்லூரிக்குப் பெரிய கூட்டமைப்பின் மீதுள்ள ஈர்ப்பும் கூடவே செய்யும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பணம் 1852இலேயே இருந்தது. வெளியேற்றமும் கைவிடுதலும் 1959இலேயே இருந்தன. மாறியது, யாருக்காக ஆட்டம் என்பது. ரயில் நிறுவனத்துக்குப் பயணிகள் ஏரிக்கரைக்கு வரவேண்டியிருந்தது. அரங்குக்கு ஊரார் வரவேண்டியிருந்தது. ஆகவே பணத்தாசையும் அண்டை அயலைச் சார்ந்தே நின்றது. அலைவரிசைக்கு யாரும் எங்கும் வரவேண்டியதில்லை. அந்தச் சார்பு அறுந்தபின், கல்லூரிகள் தம் ஊரைவிட்டு ஓர் அங்குலமும் நகராமலே ஊரை விட்டுப் போய்விட்டன.

கோர்வாலிஸிலும் புல்மனிலும் அரங்குகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சனிக்கிழமைகளில் மக்கள் இன்னும் வருகிறார்கள். எதிரே ஆடுபவர்தான் மாறியிருக்கிறார். அவரோடு ஓர் உறவு வளர, அதில் ஒரு பழங்கணக்கும் ஒரு வேடிக்கைப் பகையும் திரள, எத்தனை நவம்பர்கள் வேண்டும் என்பதை எந்த ஒப்பந்தமும் குறித்துவைப்பதில்லை.